கோமாரியும் வெள்ளைக்கழிச்சலும்

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. பல்லடம் பக்கம் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தலைகாட்டுகிறது என்று எழுதியிருந்தாய். இங்கே காங்கேயத்தில் கோமாரி ஊசி போட்டு முடித்துவிட்டார்கள், மாடுகள் சுகம், அப்பாருக்குத்தான் முட்டி வலி குறையவில்லை.

சோப்புத் தண்ணியையே பண்ணைக்கும் கட்டுத்தரைக்கும் தெளித்தால் போதாதா என்று கேட்டாய். போதாது. இரண்டு வைரஸும் செல்லை விட்டு வெளியே வருகிற விதமே வேறு. கழிச்சல் வைரஸ் செல்லின் சவ்வை உள்ளிருந்து முட்டி, மொட்டு மாதிரி புடைக்கவைத்து, அந்தச் சவ்விலேயே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு பிரிகிறது. பிரிந்தாலும் உடனே போக முடியாது. செல்லின் மேல் இருக்கிற எந்த சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பிடித்து உள்ளே நுழைந்ததோ அதிலேயே திரும்ப ஒட்டிக்கொள்ளும். அதை அறுத்துவிட நியூராமினிடேஸ் என்ற நொதியையும் கூடவே வைத்திருக்கிறது. நமக்கு வருகிற ஃப்ளூ வைரஸிடமும் இதே வேலைக்கு ஒரு நொதி உண்டு. 1999ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒசெல்டாமிவிர் என்ற மருந்து அதைத்தான் முடக்குகிறது. வைரஸைக் கொல்வதில்லை, புதிதாக உருவானதைக் கிளம்பவிடாமல் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். எனக்கு மிகவும் பிடித்த மருந்து யோசனை இது!

கோமாரிக்குப் போர்வை எதுவும் கிடையாது. உள்ளேயே பெருகும், செல் செத்து உடையும், மொத்தமாக வெளியே கொட்டும். நாக்கிலும் குளம்பிடுக்கிலும் வருகிற கொப்புள நீர் முழுக்க வைரஸ்தான். இதில் மோசம் என்னவென்றால், கொப்புளம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எச்சிலிலும் பாலிலும் வரத் தொடங்கிவிடும். நாம் பார்த்துப் பிரித்துக் கட்டுவதற்குள் கறவைக்காரர் கையோடும் தீவன வாளியோடும் அடுத்த கட்டுத்தரைக்குப் போயிருக்கும்.

சோப்பு கொழுப்புப் போர்வையைக் கரைக்கும், அதனால் கழிச்சல் வைரஸ் சாகும். போர்வையே இல்லாத கோமாரிக்குச் சலவை சோடாதான், லிட்டருக்கு 40 கிராம். காரத்திலும் அமிலத்திலும் அது பிழைக்காது. அப்புறம் ஒன்று, எச்சத்தை வழித்து எடுக்காமல் எந்த மருந்தைத் தெளித்தாலும் காசுக்குக் கேடு, உள்ளே இருக்கிற வைரஸை அது தொடவே தொடாது.

உன் பண்ணையில் தீவன வண்டி ஷெட் வரைக்கும் வருகிறதா, கேட்டுக்கு வெளியிலேயே மூட்டையை இறக்குகிறார்களா? உள்ளே வருகிறது என்றால் முதலில் அதை நிறுத்து. குஞ்சுகளுக்கு லசோட்டா என்ற கழிச்சல் தடுப்பு மருந்துச் சொட்டு எப்போது போட்டாய் என்பதையும் எழுது.