வாலில் இல்லை, தலையில் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரக் கணினிப் பகுதியில், 'கோப்பின் பெயர் புள்ளி பிஒய் என்று முடிந்தால் அது பைத்தான் ஸ்கிரிப்ட் என்று கணினியே புரிந்துகொள்ளும்' என்று எழுதியிருந்தீர்கள். விண்டோஸுக்கு அது சரி. பெயரின் வாலில் வரும் எந்த எக்ஸ்டென்ஷனை எந்த நிரல் திறக்க வேண்டும் என்று அங்கே ரெஜிஸ்ட்ரி என்ற அமைப்புப் பதிவேட்டில் பதிவு இருக்கும். லினக்ஸில் கதை வேறு. 18 வருடமாக சர்வர்களைக் கட்டி மேய்க்கிறவன் என்பதால் சும்மா இருக்க முடியவில்லை.

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல், பெயரின் வாலைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இயக்க அனுமதி உள்ள கோப்பைத் திறந்து முதல் இரண்டு பைட்டுகளைப் பார்க்கும். அவை #! என்றிருந்தால், அந்த வரியில் அடுத்து வருவதுதான் இன்டர்பிரட்டரின், அதாவது ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் நிரலின், பாதை. அந்த நிரலைத் தொடங்கி, ஸ்கிரிப்டின் பெயரை அதனிடம் கொடுத்துவிடும். பெயர் புள்ளி ஜேபிஜி என்று முடிந்தாலும் பைத்தான் ஓடும். 1980இல் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி யூனிக்ஸில் சேர்த்த ஏற்பாடு இது. பைத்தானுக்கும், நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்கும் # என்றாலே குறிப்புரை, அதனால் அந்த வரியை அவை தாண்டிப் போய்விடும். கெட்டிக்கார யோசனை!

நீங்கள் அச்சிட்ட உதாரணத்தில் அந்த வரி இல்லை. நேராக 'இம்போர்ட் ஓஎஸ்' என்று தொடங்குகிறது. லினக்ஸில் அதை நேரடியாக இயக்கினால் கெர்னல் 'எனக்குத் தெரியாத வடிவம்' என்று கைவிரிக்கும். உடனே ஷெல், சரி, நம்முடைய ஸ்கிரிப்டாக இருக்கும் என்று தானே படிக்கத் தொடங்கும். இமேஜ்மேஜிக் என்ற பட மென்பொருள் நிறுவிய கணினியில் 'இம்போர்ட்' என்பது திரையைப் படம் பிடிக்கும் கட்டளை. மவுஸ் அம்பு கூட்டல் குறியாக மாறிக் காத்திருக்கும். எங்காவது கிளிக் செய்தால் 'ஓஎஸ்' என்ற பெயரில் ஒரு படக் கோப்பு வந்து விழும். மவுஸில் வைரஸ் புகுந்துவிட்டது என்று ஒரு பையன் என்னிடம் ஓடி வந்தான். பாவம், அவன் மேல் தப்பில்லை.

அந்த வரி இருந்தும் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் கிரான் என்ற நிரல் இரவில் ஓட்டும் பேக்கப் ஸ்கிரிப்ட் திடீரென்று நின்றுபோனது. 'கோப்பு இல்லை' என்று பிழைச்செய்தி. போய்ப் பார்த்தால் கோப்பு அதே இடத்தில் இருக்கிறது, அனுமதியும் சரி. பைத்தானுக்குக் கையால் கொடுத்தால் அழகாக ஓடுகிறது. பாதையைத் திருத்தினேன், கிரானை மறுபடி தொடங்கினேன், இரண்டு மணி நேரம் போனது. கடைசியில் கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் கட்டளையை ஓட்டியதும் குட்டு உடைந்தது. யாரோ அதை விண்டோஸ் எடிட்டரில் திருத்திச் சேமித்திருக்கிறார்கள். வரி முடிவில் விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் என்ற எழுத்து ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கெர்னல் அதையும் பெயரில் ஒரு எழுத்தாகச் சேர்த்துக்கொண்டு, அப்படி ஒரு இன்டர்பிரட்டரைத் தேடியிருக்கிறது. இல்லாமல் போனது ஸ்கிரிப்ட் அல்ல, அந்த இன்டர்பிரட்டர். பிழைச்செய்தியோ ஸ்கிரிப்டின் பெயரைச் சொல்கிறது! பைத்தான் தன் கோப்பில் அந்த எழுத்தைக் கண்டுகொள்ளாது, அதனால்தான் கையால் ஓட்டியபோது குறை தெரியவில்லை. இதைவிட மோசமாக வழிகாட்டும் பிழைச்செய்தியை நான் பார்த்ததில்லை.

உதாரணத்தை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் முதல் வரியைச் சேர்த்து அச்சிடுங்கள். பக்க வடிவமைப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள், அதற்கு மேலே அழகுக்காக ஒரு காலி வரி விட்டாலும் போச்சு.

இப்படிக்கு,
சர்வர் நிர்வாகி ஒருவர்