சர்க்கரை ருசிக்கு இல்லை

அன்புள்ள நண்பனுக்கு,

வயிற்றுப்போக்கில் நான்கு நாள் படுத்துவிட்டாய் என்று படித்ததும் பதறிவிட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறாயே, அது போதும். "உப்புக் கரைசலில் சர்க்கரை எதற்கு? ருசிக்கா?" என்று கேட்டிருந்தாய். ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடமாட்டாய் போல!

ருசிக்கு இல்லையடா. செல் சவ்வு என்பது இரண்டு மூலக்கூறு கனமே உள்ள கொழுப்புப் படலம். தண்ணீரோடு ஒட்டும் தலைகள் இரு பக்கமும் வெளியே இருக்கும்; தண்ணீருக்கு ஒதுங்கும் வால்கள் நடுவில் மறைந்திருக்கும். ஆக்சிஜன் அதில் சுலபமாக நுழைந்துவிடும். மின்னூட்டம் சுமக்கும் சோடியத்துக்கு அங்கே வழி கிடையாது, புரதக் கதவு வேண்டும். சிறுகுடலில் ஒரு கதவு இருக்கிறது. இரண்டு சோடியமும், சர்க்கரையிலிருந்து வரும் ஒரு குளுக்கோஸும் ஜோடி சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். அவை போனால் பின்னாலேயே தண்ணீரும் போகும். இந்தக் கூட்டுப் பயணத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960லேயே சொல்லிவிட்டார். காலரா கண்ட குடலிலும் இந்தக் கதவு வேலை செய்யும். அதனால்தான் வெறும் உப்புத் தண்ணீர் பலிக்காத இடத்தில் உன் கரைசல் பலித்தது.

சோடியம் ஏன் உள்ளே போகத் துடிக்கிறது என்று அடுத்து கேட்பாய். செல்லின் மறுபக்கம் ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபியில் ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். உள்ளே சோடியம் எப்போதும் குறைச்சல்.

இன்னொரு சங்கதி. இத்தனை வருடம் வகுப்பில் "சவ்வு ஒரு சல்லடை" என்றே சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் பேத்தி மடக்கிவிட்டாள். "சோடியம் பொட்டாசியத்தை விடச் சின்னது. அப்புறம் பொட்டாசியக் குழாயில் அது ஏன் போகவில்லை?" எனக்கு வாயடைத்துவிட்டது. பொட்டாசியக் குழாய் என்றால் சவ்வில் பொட்டாசியத்தை மட்டும் விடும் புரத வழி. புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அயனிகள், அதாவது மின்னூட்டம் சுமக்கும் அணுக்கள், தண்ணீரைப் போர்த்திக்கொண்டுதான் திரியும். குழாயின் குறுகலில் அந்தப் போர்வையைக் கழற்ற வேண்டும். அங்கே வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்தைத் தண்ணீர் பிடித்திருந்த அதே இடைவெளியில் பிடித்துக்கொள்கின்றன, அதற்கு நஷ்டமில்லை. சோடியத்துக்கோ அந்த இடம் தொளதொளவென்று இருக்கும், பிடிமானம் கிடைக்காது. போர்வையைக் கழற்ற அதற்கு மனசு வராது. 1998இல் ராட்ரிக் மெக்கின்னன் அந்தக் குழாயின் வடிவத்தைக் கண்டுபிடித்த பிறகே இது தெளிவானது. 2003இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே பரிசில் பாதி பீட்டர் ஆக்ரே என்பவருக்கு. அவர் தேடியது வேறு. ரத்தச் சிவப்பணுவில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று ரத்த வகையைப் பிரிக்கும் ஆர்எச் புரதத்தை ஆராயும்போது இன்னொரு சிறு புரதம் குறுக்கே வந்தது. அதைத் தவளை முட்டைச் செல்லில் உருவாக்கிப் பார்த்தார்கள். உப்பு குறைந்த தண்ணீரில் சாதாரண முட்டைகள் சும்மா கிடந்தன. இந்தப் புரதம் இருந்தவை சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. தண்ணீருக்கென்றே ஒரு வாசல் இருப்பது அப்படித்தான் தெரிந்தது. வெடித்த முட்டையைக் காட்டும் படம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

பேத்தியிடம் தோற்றதை ஒப்புக்கொண்டேன். சல்லடை உவமைக்குப் பதில் என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. கரைசலை இன்னும் இரண்டு நாள் விடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்