இரண்டாக வாங்கு அம்மிணி

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய மூன்று ரிமோட் கார்களின் படங்களையும் பார்த்தேன். பெரியவனின் பத்தாவது பிறந்த நாளுக்கு எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் எழுதிவிடுகிறேன்.

லெஸ்டரில் உங்கள் வீட்டுப் பின் தோட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போன கோடையில் தினமும் நடந்த இடம்தானே. சமையலறைக் கதவிலிருந்து பின்னால் இருக்கும் மரவேலி வரை பதினைந்து மீட்டர் இருந்தால் அதிகம். நீ அனுப்பிய முதல் கார் மணிக்கு 60 கிலோமீட்டர் போகுமாம். கணக்குப் போட்டுப் பார், ஒரே நொடியில் வேலியில் இருக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் என்றாலே இரண்டு நொடிக்குள் முடிந்துவிடும். அங்கே நேராக ஓட்ட இடமில்லை, வளைவில்தான் பந்தயம். அதனால் வேகத்துக்காகப் பணம் கொடுக்காதே.

அளவு முக்கியம். 1/10 கார், அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவு, கிட்டத்தட்ட ஒன்றரை அடி நீளம். உங்கள் புல்தரைக்கு அது பெரிது, மோதினால் பூந்தொட்டியும் உடையும். மூன்றாவது படத்தில் இருப்பது 1/28. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அதன் அடிப்பாகம் தரையை ஒட்டியே இருக்கும். கூடத்து மரத் தரையில் ஓடும், புல்லில் ஓரடி கூட நகராது. உங்களுக்கு 1/18 சரியாக இருக்கும். ஒரு முழத்துக்கும் குறைவான நீளம், பெரிய சக்கரம், நாலு சக்கரத்துக்கும் இழுவை. அங்கே புல் எப்போதும் ஈரமாக இருப்பதால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் கார் சுற்றிச் சுற்றி நிற்கும். லாட்ராக்ஸ் டெட்டான் என்று ஒன்று இருக்கிறது, அந்த மாதிரி பார். 1/18, நாலு சக்கர இழுவை, உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் தண்ணீர் பட்டாலும் தாங்கும்.

புல்லை மட்டும் ஒட்ட வெட்டச் சொல் மாப்பிள்ளையிடம். முப்பத்தைந்து வருஷம் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலை செய்தவன் சொல்கிறேன். பம்ப் செட் ஆனாலும் இந்தக் கட்டைவிரல் அளவு மோட்டார் ஆனாலும் சுபாவம் ஒன்றுதான். லோடு ஏறினால் கரண்ட் அதிகம் இழுக்கும், கரண்ட் ஏறினால் சூடாகும், சூடு தாங்காமல் கம்பிமேல் பூசிய வார்னிஷ் கருகும். நீளமான புல் அச்சில் சுற்றிக்கொண்டால் அதுதான் நடக்கும். ஒரு பேட்டரி தீர்ந்ததும் அடுத்ததை உடனே போட்டு ஓட்டக் கூடாது, மோட்டாரைத் தொட்டுப் பார்த்து, ஆறியபின் ஓட்டட்டும். சக்கரத்தில் சிக்கிய புல்லையும் முடியையும் எடுக்கப் பெரியவனுக்கே கற்றுக்கொடு.

வாங்கும் முன் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? கண்டிப்பாக உடையும். போன தடவை அவசரப்பட்டு நான் வாங்கிக் கொடுத்த மலிவுக் கார் அப்படித்தான் ஆனது. மூன்றாம் நாள் பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்று மொட்டையானது, உதிரி எங்கும் கிடைக்கவில்லை, முழுக் காரும் குப்பைக்குப் போனது. அந்தக் காரில் ஸ்டியரிங் முழுசாகத் திரும்பும், இல்லையென்றால் திரும்பவே திரும்பாது. நடுவில் எதுவும் கிடையாது. அதை வைத்து வளைவில் ஓட்டப் பழகவே முடியாது. கொஞ்சம் திருப்பினால் கொஞ்சம் திரும்ப வேண்டும்.

பேட்டரியில் நிக்கல் வகையே போதும், ஆறு செல், 7.2 வோல்ட். லிப்போ என்கிற லித்தியம் பேட்டரி நன்றாக இழுக்கும், எடையும் குறைவு. ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும், சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகவே கூடாது. நீ வேலையிலிருந்து வருவதே ராத்திரி ஏழு மணிக்கு. குழந்தைகள் இன்னும் இரண்டு வருஷம் வளரட்டும்.

அப்புறம், நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். ஒரே மாதிரி இரண்டு கார் வாங்கு. ஒரு காரை வைத்துப் பந்தயம் விட முடியாது. ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் இருந்தால் பத்து நிமிஷத்தில் சண்டை வரும். பழைய 27 மெகாஹெர்ட்ஸ் கார்களில் இரண்டுக்கும் ரேடியோ அலைவரிசையை முடிவு செய்யும் கிரிஸ்டல் வேறு வேறாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் ஒருவர் திருப்ப இன்னொருவர் கார் திரும்பும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை இல்லை. நீ அனுப்பிய முதல் காரின் விலையில் சின்னது இரண்டு வாங்கிவிடலாம்.

உன் கடிதத்தில் பெரியவனைப் பற்றி மட்டும்தான் எழுதியிருந்தாய். போன கோடையில் அவன் ஓட்டும்போதெல்லாம் சின்னவள் பின்னாலேயே ஓடிக் கவிழ்ந்த காரை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். பார்த்த எனக்கு நீயும் அண்ணனும் ஞாபகம் வந்தீர்கள். பீளமேட்டு வீட்டில் ஒயர் வைத்த ரிமோட் கார் ஒன்று வாங்கி வந்து, இரண்டு பேரும் விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டேன். ரிமோட் அவன் கையிலேயே இருந்தது. நீதான் வாசல் முழுக்க ஓடி நிமிர்த்தி வைத்தாய். உனக்கும் ஒன்று வாங்க எனக்கு அப்போது தோன்றவே இல்லை அம்மிணி. இப்போது நினைத்தாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது காருக்கான பணம் என்னுடையது, மறுக்காதே. ஜூன் மாதம் வரும்போது சால்டரிங் அயர்ன் எடுத்து வருகிறேன். உங்கள் ஷெட்டில் ஓட்டை விழுந்த தண்ணீர்க் குழாய் ஒன்று சுருட்டிக் கிடந்தது, அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. புல்லில் வளைத்துப் போட்டால் பந்தயப் பாதைக்கு அதுவே வரப்பு. எந்த நிறக் கார் வேண்டும் என்று சின்னவளிடம் முதலில் கேள்.

அன்புடன்,
அப்பா