தீபாவளி விடுமுறையில் உடம்பு சரியில்லையென்றால்

வணக்கம். மலேசியாவில் பொது விடுமுறையில் அரசாங்கக் கிளினிக் பெரும்பாலும் மூடியிருக்கும். இரத்த அழுத்தம், நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் இந்த வாரமே கையிருப்பைப் பாருங்கள். இன்சுலின் தீர்ந்த பிறகு அலைவது பெரும் பாடு.

சளி, இருமலுக்கு மருந்தகத்தில் பார்மசிஸ்டிடம் கேட்டாலே போதும். தனியார் கிளினிக் என்றால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறை கிடையாது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயின் கடுமையைப் பார்த்துப் பிரிப்பார்கள். லேசான காய்ச்சலுக்குப் போனால் பச்சையில் நெடுநேரம் உட்கார வேண்டியிருக்கும்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கைகால் விழுதல்: உடனே 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். "விடியட்டும், பார்க்கலாம்" என்று வீட்டில் யார் சொன்னாலும் தயவுசெய்து கேட்காதீர்கள். டிங்கிக் காய்ச்சல் குறையும்போது வயிற்றுவலியும் தொடர் வாந்தியும் வந்தால் அதுவும் ஆபத்துதான்.

செம்பனைக் காட்டில் பாம்பு கடித்தால் நேராக ஆஸ்பத்திரி. கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், கடிபட்ட காலை அசைக்காதீர்கள். பட்டாசுத் தீக்காயத்தை இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை வேண்டவே வேண்டாம்.

தனியாக இருக்கும் பெரியவர்களின் வீட்டில் 999 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். கார் வசதி இல்லாத குடும்பங்கள் இன்றே நம் குழுவில் தெரிவியுங்கள்.