பாறு கழுகைக் கொன்றது யார்?

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். அழியும் நிலையில் உள்ள உயிரினங்களைப் பற்றிய பாடம் சென்ற வாரம் எட்டாம் வகுப்பில் நடந்தபோது, ஒரு மாணவி எழுந்து, "பாறு கழுகை யாரும் வேட்டையாடவில்லையே, பிறகு எப்படி அழிந்தது?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதில் உங்களுக்கும் உரியது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் எங்கும் காணப்பட்ட வெண்முதுகுப் பாறுகள் என்னும் பிணந்தின்னிக் கழுகுகள், 2007-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்துவிட்டன. மாடுகளின் வலியைத் தணிக்கப் போடப்பட்ட டைக்ளோஃபினாக் ஊசியே இதற்குக் காரணம் என்பது 2004-இல்தான் தெரியவந்தது. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் இறந்துபோனால், அதைத் தின்னும் பாறுகளின் சிறுநீரகம் செயலிழந்து, கழிவாக வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் உடலுக்குள்ளேயே தேங்கிவிடும். அப்படி இறந்த பறவையை அறுத்துப் பார்த்தால், ஈரலின்மேலும் இதயத்தின்மேலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைப் படலம் படிந்திருக்கும். மாட்டின்மீது இரக்கப்பட்டவர்களே அறியாமல் செய்த கொலை இது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவையால் இத்தனை பெரிய இழப்பை விரைவில் ஈடுசெய்ய முடியாது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தருவதை அரசு 2006-இல் தடைசெய்தது. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால், 2015-இல் குப்பியின் அளவு 3 மில்லி லிட்டராகக் குறைக்கப்பட்டது. கீட்டோபுரோஃபென், ஏசிக்ளோஃபினாக் ஆகிய வலி மருந்துகளும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன.

உங்களில் மாடு வளர்ப்பவர்கள், கால்நடை மருத்துவரைக் கேட்காமல் மருந்துக்கடையில் வலி ஊசி வாங்கிப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாறுகளுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகம் என்னும் வலி மருந்து இருக்கிறது. அதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்ட மாடு இறந்துவிட்டால், ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வீட்டைச் சுற்றித் தென்படும் பறவைகளையும் பூச்சிகளையும் எட்டாம் வகுப்பு மாணவர்கள் இம்மாதம் முழுவதும் குறிப்பேட்டில் எழுதுவார்கள். மாலையில் கால்மணி நேரம் அவர்களோடு உட்காருங்கள். உங்கள் சிறுவயதில் பார்த்து, இப்போது காணாமல்போன உயிரினங்களின் பெயர்களை, நீங்கள் அழைத்த பெயரிலேயே, அக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்