அனுமதி தேவையில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிரோன் பற்றிய தங்கள் செய்தியில் 'இனி யாரும் அனுமதியின்றிப் பறக்கவிடலாம்' என்று ஒரு வரி. எங்கள் தெருக் கல்யாண வீட்டுக்குப் படமெடுக்க வந்த தம்பி, அதைச் செல்போனில் என்னிடமே நீட்டினார். "பேப்பர்லயே போட்டிருக்கான் சார், படிக்கலையா?" டிரோனின் மடங்கியிருந்த நான்கு கைகளையும் விரித்து மாடிச் சுவர்மேல் வைத்தார். விர்ரென்று கிளம்பிய அது, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே பச்சையும் சிவப்புமாய் மினுக்கிக்கொண்டு நின்றது. வீடு இருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். விமான நிலையச் சுவர் நடந்து போகிற தூரம்.

தங்களுக்குத் தெரியாததா? 2021 டிரோன் விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்தன. பச்சையில் மட்டும்தான் 400 அடி வரை அனுமதி வேண்டாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 கி.மீ.க்குள், சிவப்பாக இல்லாத இடமெல்லாம் தரையிலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிக்கு மேல் மஞ்சள். 45 கி.மீ.யாக இருந்த மஞ்சள் எல்லையை 12 ஆகக் குறைத்ததைப் பத்தி பத்தியாகப் புகழ்ந்த தங்கள் நிருபருக்கு, கடற்கரைச் சாலை காந்தி சிலைகூட அந்த எட்டுக்குள்தான் என்று எழுத இடமில்லாமல் போயிற்று போலும்.

வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கும் விமானம், ஓடுதளத்துக்கு 2 கி.மீ. முன்பே சுமார் 400 அடிக்கு வந்துவிடும். அந்த நேரத்தில் எதிரே ஒரு டிரோன் நின்றால் பைலட் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? தடுமாறி இறங்கினால் சமாளிக்க நீளமும் இல்லை; நம் ஓடுதளமோ ஏறக்குறைய 1,500 மீட்டர்தான்.

2024-ல் மாதக்கணக்கில் விமானமே வராதபோது 'புதுவைக்கு விமானம் எப்போது?' என்று உருகி உருகி எழுதினீர்கள். வந்த விமானம் பத்திரமாய் இறங்குவதிலும் கொஞ்சம் அக்கறை இருக்கலாம். விமான நிலையத்தைச் சுற்றி 10 கி.மீ.க்குள் குப்பை கொட்டக்கூடாது என்று விதி இருக்க, கொட்டிய கோழிக்கழிவுக்குப் பருந்துகள் வட்டமிடுவதை எழுதி அனுப்பினேன். 'இடமின்மையால்' அது வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகையின் நாய்க்குட்டிக்குக் கால் பக்கம் கிடைத்திருந்தது. நாய்க்குட்டி மேல் எனக்கு வருத்தமில்லை.

முதல் பக்கமெல்லாம் கேட்கவில்லை. 'புதுவை நகருக்குள் டிரோன் பறக்கவிட அனுமதி கட்டாயம். அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' இணையதளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தைப் பார்க்கவும்' என்று இரண்டு வரித் திருத்தம் போதும். மணமகள் தேவை விளம்பரங்களுக்குக் கீழேயாவது போடுங்கள். கல்யாண வீடியோக்காரர்கள் அந்தப் பக்கத்தைத் தவறாமல் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
லாஸ்பேட்டை, புதுச்சேரி.