உடைந்த விளிம்பைப் பார்

அன்புள்ள முருகேசா,

படங்கள் வந்து சேர்ந்தன. இரண்டு அகழாய்வுத் தளத்துப் பானை ஓடுகளிலும் ஈர மண்ணில் சிப்பியை அழுத்திய ஒரே பதிவு அலங்காரம் இருந்தால் இரு ஊராரும் உறவுக்காரர்கள் என்று எழுதிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். அவசரப்படாதே. அலங்காரத்தை விருந்துக்குப் போன இடத்தில் பார்த்தே காப்பியடித்துவிடலாம். பானையின் சுவரை எழுப்பும் முறை அப்படியல்ல. முடிந்த பானையில் அது கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கை பழகினால்தான் வரும்.

2017-இல் லூயிஸ் கோமார் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மேற்கு மத்தியதரைக் கடலோரத்தின் முதல் உழவர்கள், கி.மு. 5800-5600 அளவில் செய்த இம்ப்ரெஸ்ஸா என்னும் பதிவு அலங்காரப் பானைகளை, உள்ளமைப்பைக் காட்டும் மைக்ரோ சி.டி. ஸ்கேனில் பார்த்தார்கள். திரி திரியாக உருட்டி அடுக்கிய சுவர் அல்ல அது. சிறு மண் துண்டுகளைச் சுருள் ஒழுங்கில் ஒட்டி எழுப்பியது. இத்தாலியின் அரேனே காந்திதே குகைக்கும் தென் பிரான்சின் போன் தெ ரோக்-ஓத் தளத்துக்கும் இடையே ஏறக்குறைய 400 கி.மீ. இருந்தும் இரண்டிலும் அதே கைப்பழக்கம்.

ஸ்கேன் இல்லையென்றால் உடைந்த விளிம்பே போதும். பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்துப் பார். அடித்திரி அதிகம் காய்ந்த பிறகு மேல்திரியை வைத்திருந்தால் இரண்டும் சரியாக ஒட்டாது. பானை அந்த மூட்டிலேயே கிடைவாட்டில் பிளக்கும். ஒரு பக்கம் குவிந்தும் மறுபக்கம் குழிந்தும் இருக்கும். குவிந்த பக்கம் வாய்விளிம்பு போலவே வழவழப்பாக இருப்பதால், புதியவர்கள் அதை வாய்விளிம்புத் துண்டுகளின் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். துண்டுகளை ஒட்டிய சுவரோ ஒழுங்கில்லாமல் எல்லாத் திசையிலும் உடையும்.

பலகையால் தட்டி மெலிதாக்கிய சுவரில் காற்றுத் துளைகள் நசுங்கி, பழைய தடம் அழிந்துபோகும். தட்டு அதிகம் படாத அடிப்பாகத்தையும் பிடி ஒட்டிய இடத்தையும் பார்.

மண்ணையும் தனியே சோதிக்க வேண்டும். 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்த ஓட்டுச் சீவலில், மண்ணோடு கலந்த மணலும் கால்சைட் என்னும் சுண்ணக் கனிமப் பொடியும் எந்தப் பாறையிலிருந்து வந்தவை என்று நுண்ணோக்கியில் தெரியும். கால்சைட் இருந்தால் அமிலத்தில் கழுவிவிடாதே, கரைந்துவிடும். அது கலந்த பானையைச் சூளையில் மிகையாகச் சுட்டாலும் வம்புதான்: கால்சைட் சுண்ணாம்பாகி, பிறகு ஈரம் குடித்து வீங்கி, சுவரைச் சில்லு சில்லாக உதிர்க்கும்.

வெளியூர் மண் என்றால் பானை பயணம் செய்திருக்கிறது. உள்ளூர் மண், வெளியூர்க் கைமுறை என்றால் வனைந்தவரோ அவருக்குக் கற்றுக்கொடுத்தவரோ வந்திருக்கிறார். உறவு என்று நான் ஒப்புக்கொள்வது இந்த இரண்டாவதைத்தான். உடனே ‘மணமாகி வந்த பெண்’ என்று எழுதிவிடுகிறார்கள். வனைந்தது ஆணா பெண்ணா என்று ஓடு சொல்லாது.

அடிப்பாகத் துண்டுகளின் குறுக்குவெட்டுப் படங்களை, அளவுகோல் வைத்து, முதலில் அனுப்பு. அலங்காரத் துண்டுகள் பிறகு வரட்டும்.

அன்புடன்,
ராகவன்